எந்த முக்கோணம் எதற்கு?



வடிவியல் கற்பித்தல் பற்றிய இம்மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அழைத்த அமைப்புக் குழுவினருக்கு என் நன்றி. தலைமை உரை என்றால் பெரிய பொருளாக எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். நான் சிறிய பொருள் ஒன்றோடு வந்திருக்கிறேன்: முக்கோணத்தின் வகைகள். பக்கங்களை வைத்துச் சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம்; கோணங்களை வைத்துக் குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம். இந்த ஆறு பெயரையும் பிள்ளைகள் ஒப்பித்துவிடுகிறார்கள். தேர்வில் ஒரு மதிப்பெண் கிடைக்கிறது. அத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது.

என் குறை இதுதான். வகையைப் பெயராக மட்டும் சொல்லித் தருகிறோம். வகை மாறினால் கணக்கின் விடையே மாறிவிடும் என்பதைச் சொல்லித் தருவதில்லை.

ஓர் எளிய கணக்கு. 3, 4, 5 அளவுள்ள செங்கோண முக்கோணத் துண்டுகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். 4 அளவுள்ள பக்கங்களை ஒட்டினால் 5, 5, 6 என்ற முக்கோணம் வரும். 3 அளவுள்ள பக்கங்களை ஒட்டினால் 5, 5, 8 வரும். இரண்டும் இருசமபக்க முக்கோணங்கள். இரண்டுக்கும் பரப்பு 12. ஆனால் முதலாவது குறுங்கோண முக்கோணம், இரண்டாவது விரிகோண முக்கோணம். பெரிய பக்கத்தின் வர்க்கத்தை மற்ற இரண்டின் வர்க்கங்களின் கூடுதலோடு ஒப்பிட்டால் போதும்: 36 என்பது 50-ஐவிடச் சிறியது, 64 பெரியது.

இப்போது முனைகளில் மூன்று ஊர்கள் இருப்பதாகவும் அளவுகள் கிலோமீட்டரில் இருப்பதாகவும் கொள்வோம். மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரே செல்போன் கோபுரம் வேண்டும். எந்த ஊரும் அதிகத் தொலைவில் போய்விடக் கூடாது. எங்கே நடுவது? சுற்றுவட்ட மையத்தில் என்று நல்ல மாணவர் உடனே சொல்வார். 5, 5, 6 முக்கோணத்துக்கு அது சரி. மூன்று ஊரும் 3.125 கி.மீ. தொலைவில் இருக்கும். 5, 5, 8 முக்கோணத்தில் அதே விடை தவறு. அங்கே சுற்றுவட்ட மையம் முக்கோணத்துக்கு வெளியே போய்விடுகிறது, தொலைவும் 4.17 கி.மீ. ஆகிறது. நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியில் நட்டாலோ இரண்டு ஊர்களுக்கு 4 கி.மீ., மூன்றாவதற்கு 3 கி.மீ.தான். குறுங்கோணமா விரிகோணமா என்று முதலில் கேட்காதவர் கோபுரத்தைத் தவறான இடத்தில் நடுவார்.

இருந்தும் நம் பாடநூல்களிலும் கரும்பலகைகளிலும் வரையப்படும் முக்கோணம் பெரும்பாலும் குறுங்கோண முக்கோணமாகவே இருக்கிறது. அடிப்பக்கம் கிடையாக, உச்சி மேலே நடுவில். 1957-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அளித்த டச்சு ஆசிரியத் தம்பதியரான பியரே வான் ஹீலேயும் டீனாவும், வடிவியல் சிந்தனை படிப்படியாக வளர்வதாகச் சொன்னார்கள். முதல் படியில் குழந்தை வடிவத்தை அதன் முழுத் தோற்றத்தால் அறிகிறது. பண்புகள் பிறகுதான் வருகின்றன. ஒரே மாதிரிப் படத்தையே காட்டிக்கொண்டிருந்தால் குழந்தை அந்த முதல் படியிலேயே நின்றுவிடும். சாய்த்து வரைந்த முக்கோணத்தை முக்கோணமே இல்லை என்று சொல்லும் பிள்ளையையும், குத்துக்கோடு வெளியே விழுந்ததும் திகைத்துப்போகும் பத்தாம் வகுப்பு மாணவரையும் இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். குற்றம் அவர்களுடையது அல்ல.

உண்மையில் விரிகோண முக்கோணம் அபூர்வமானதும் அல்ல. ஒரு வட்டத்தின் மீது கண்போன போக்கில் மூன்று புள்ளிகளைக் குறித்து இணைத்தால் விரிகோண முக்கோணம் வர நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. மூன்று புள்ளிகளும் ஓர் அரைவட்டத்துக்குள் அடங்கினால் முக்கோணம் விரிகோணமாகும். ஏதேனும் ஒரு புள்ளி முதலில் வர, மற்ற இரண்டும் அதை அடுத்த அரைவட்டத்துக்குள் விழும் வாய்ப்பு கால் பங்கு. எந்தப் புள்ளியும் முதலாவதாக இருக்கலாம் என்பதால் மூன்று கால். மேல்நிலை வகுப்பில் பத்தே நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

இனி நம் ஆசிரியர் அறைகளில் ஓயாமல் நடக்கும் வாதத்துக்கு வருகிறேன். சமபக்க முக்கோணம் இருசமபக்க முக்கோணமா? யூக்ளிட் தம் முதல் நூலின் வரையறையில் இரு பக்கங்கள் மட்டும் சமமாக இருப்பதையே இருசமபக்கம் என்றார். அவர் கணக்கில் இரண்டும் தனித்தனி. இன்றைய கணிதத்தில் குறைந்தது இரு பக்கங்கள் சமமாக இருந்தால் போதும். நான் இரண்டாவது பக்கம். காரணம் எளியது. இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்று ஒருமுறை நிறுவிவிட்டால், சமபக்க முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சமம் என்பது தானாகக் கிடைக்கிறது. யூக்ளிடின் வரையறையை எழுத்துப்படி பிடித்துக்கொண்டால் அதைப் புதிதாக நிறுவ வேண்டியிருக்கும். மாமேதைதான், அதற்காக அவர் சொன்ன ஒவ்வொரு வரையறையையும் சுமக்க வேண்டியதில்லை.

வகை வெறும் பெயரல்ல என்பதற்கு நம் மண்ணிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். அதன்பின் கோணங்களை அளந்து, முக்கோணத்தின் மீது முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போனால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் எந்த முக்கோணமும் உதவுமா? உதவாது. கணக்கிட்ட ஒரு பக்கத்தில் வரும் பிழை, அதற்கு எதிரே உள்ள கோணத்தின் கோடேன்ஜென்ட்டைப் பொறுத்தது. கோணத்தை அளப்பதில் ஒரு விகலை, அதாவது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு, தவறியதாக வைத்துக்கொள்வோம். எதிர்க்கோணம் 60 பாகை என்றால் 50 கி.மீ. பக்கத்தில் 14 செ.மீ. பிழை வரும். எதிர்க்கோணம் 10 பாகை என்றால் அதே நீளத்தில் 1.37 மீட்டர். ஆகவேதான் கோணங்கள் 30 பாகைக்குக் குறையாமலும் 120 பாகையைத் தாண்டாமலும் இருக்க வேண்டும், சமபக்கத்தை ஒட்டியிருந்தால் நல்லது என்று நில அளவை நூல்கள் இன்றும் சொல்கின்றன.

நல்ல முக்கோணம் வேண்டுமென்றால் முனைகள் சரியான இடத்தில் அமைய வேண்டும்; முனையிலிருந்து முனை தெரியவும் வேண்டும். மலை இருக்கும் ஊரில் சிக்கல் இல்லை. காவிரிச் சமவெளியில் மலைக்கு எங்கே போவது? லாம்டன் கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் மோதிச் சேதமடைந்தது. பல வாரம் கூடவே உட்கார்ந்து அவரே அதைப் பழுது பார்த்தார். நல்ல வடிவ முக்கோணத்துக்காக ஒருவர் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்று தஞ்சாவூர்ப் பள்ளி ஒன்றில் சொல்லிப் பாருங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பூமி தட்டையல்ல. 50 கி.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தைத் தரையில் அளந்தால் கோணங்களின் கூடுதல் 180 பாகைக்கு மேல் ஐந்தரை விகலை மிஞ்சும். அதை மூன்றாகப் பங்கிட்டு ஒவ்வொரு கோணத்திலும் கழித்துவிட்டால் தள முக்கோணமாகவே கணக்கிடலாம் என்று 1787-இல் கணிதவியலாளர் லெஜாந்தர் சொன்னார். முக்கோணம் பெரிதாகப் பெரிதாக நம் வகைப்பாடே ஆட்டம் காணும். தளத்தில் செங்கோணமுள்ள சமபக்க முக்கோணம் கிடையாது. கோளத்தில் உண்டு: வட துருவத்திலிருந்து 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகை வழியாகவும் 170 பாகை கிழக்குத் தீர்க்கரேகை வழியாகவும் நிலநடுக்கோட்டுக்கு இறங்குங்கள். ஒவ்வொரு பக்கமும் சுமார் 10,000 கி.மீ., மூன்று கோணமும் செங்கோணம்.

இம்மாநாட்டின் அமர்வுகளில் இதைவிட ஆழமான பொருள்கள் வர இருக்கின்றன. நான் வினாத்தாள் அமைக்கும் நண்பர்களிடம் இரண்டே வேண்டுகோள் வைக்கிறேன். வகைகளின் பெயரைக் கேட்கும் வினாவை விட்டுவிட்டு, வகை மாறினால் விடை மாறும் வினா ஒன்றையாவது சேருங்கள். சமபக்க முக்கோணத்தை இருசமபக்கம் என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.