உழைப்பு மட்டும் நம்மை உயர்த்தவில்லை



'உழைத்தோம், உயர்ந்தோம்' என்று நம் சங்க விழா மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். உழைத்தது உண்மை. ஆனால் அந்த உழைப்புக்கு அமெரிக்காவில் இடம் கிடைக்க 1965-இல் ஒரு குடியேற்றச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதுவரை இந்தியர்களுக்கு இருந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர்; அதுவும் 1946-இல் வந்ததுதான். 1923-இல் பகத் சிங் திந்த் என்பவருக்கு, அவர் வெள்ளையர் அல்லர் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் குடியுரிமை மறுத்தது. அவர் இந்நாட்டு ராணுவத்தில் பணியாற்றியவர். அவர் உழைப்பில் என்ன குறை? பிறகு கதவு திறந்தபோது உள்ளே வர நம்மில் பலர் தயாராக இருந்தோம் என்றால், அதற்கும் ஊர்ப் பொதுப்பணத்தில் நடந்த பள்ளிகளும் கிண்டி போன்ற பொறியியல் கல்லூரிகளும் காரணம்.

கடல் கடந்த தமிழரில் நம்மைவிடக் கடுமையாகப் பாடுபட்டவர்கள் இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். முதுகில் கூடையோடு சரிவில் நின்று கொழுந்து பறிப்பார்கள். நிறுக்கும்போது அன்றைக்குக் குறித்த அளவு எட்டாவிட்டால் 'அரைப்பேர்'தான், அதாவது பாதிநாள் சம்பளம். அந்தப் பாட்டின் மேல்தான் இலங்கைத் தேயிலை உலகப் புகழ் பெற்றது. ஆனால் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இந்திய, இலங்கை அரசுகளுக்கிடையே வந்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கு போட்டது. நாடற்றோர் என்ற நிலைக்கு முடிவுகட்ட 2003-இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

ஒரே வகுப்பில் படித்தவர்களில் முனைந்தவர்தானே முன்னுக்கு வந்தார் என்று கேட்கலாம். சரிதான், வாசலுக்கு உள்ளே வந்தவர்களிடையே உழைப்பு வித்தியாசம் காட்டும். யார் உள்ளே வரலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நம் இளைஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆண்டுதோறும் வழங்கும் கார்டுகளில் எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியால், பக்கத்து மேசையில் அதே வேலை பார்க்கும் சிறு நாட்டுக்காரர் முந்திவிடுகிறார். இதை அநியாயம் என்கிறோம். அந்த நியாயத்தை நமக்கு மட்டும் வைத்துக்கொள்வது சரியாகாது.

இதைவிட வலுவான கேள்வி ஒன்று உண்டு: வெறுங்கையோடு வந்த குடியேறிகளின் பிள்ளைகளும் உயர்கிறார்களே? ஆம். அதே அளவு ஏழைகளாக வளர்ந்த உள்நாட்டவரின் பிள்ளைகளைவிட அவர்கள் மேலே போவதை பொருளியலாளர்கள் ரான் அப்ரமிட்ஸ்கி, லியா பூஸ்டன் ஆகியோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதே ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம், அப்பெற்றோர் வாய்ப்புள்ள ஊர்களாகப் பார்த்துக் குடியேறினார்கள் என்பது. ஊரின் வாய்ப்பை எந்தக் குழந்தையும் உழைத்துச் சம்பாதிக்கவில்லை. அந்த வாய்ப்பும் சுருங்கிவருகிறது. இங்கே 1940-இல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெற்றோரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 1980-களில் பிறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் என்று பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழுவினர் கணக்கிட்டார்கள். ஒரு தலைமுறையே திடீரென்று சோம்பேறியாகிவிட்டது என்று நான் நம்பத் தயாரில்லை.

எல்லாம் அதிர்ஷ்டம் என்றால் பிள்ளைகள் படிக்கமாட்டார்களே என்று அஞ்ச வேண்டாம். உழைப்பு தேவை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. உயராதவரைப் பார்த்து 'உழைக்கவில்லை' என்று தீர்ப்புச் சொல்வதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். ஆகவே செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். கல்வி உதவித்தொகைக்கு மதிப்பெண் ஒன்றையே அளவாக வைக்காமல், அந்த மாணவரின் பள்ளியில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதையும் விண்ணப்பத்தில் கேளுங்கள். நிதியில் ஒரு பங்கை மலையகத் தோட்டப் பள்ளிகளுக்கு இந்த ஆண்டே ஒதுக்குங்கள்.