ஏரிக்கரையில் அரை மணி நேரம்

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ, தப்பா பேசினா பொறுத்துக்கங்க.

போன வருஷம் எங்க வீட்டுக்காரர் கட்டட வேலையில கீழ விழுந்து 3 மாசம் படுத்துட்டார். குழுவில் வாங்கின 30,000 ரூபாய்க்குத் தவணை நின்னுபோச்சு. ராத்திரி தூக்கமே இல்ல. பிள்ளைகளைக் காரணமில்லாம அடிச்சேன், அதை இங்க சொல்லவே வெக்கமா இருக்கு.

ஒருநாள் ஆட்டைத் தேடி ஏரிக்கரைக்குப் போனேன். ஆடு கிடைச்சிருச்சு, ஆனா வீட்டுக்குத் திரும்ப மனசு வரல. பனைமரத்தடியில உட்கார்ந்துட்டேன். நீர்க்காகம் ஒண்ணு முழுகி முழுகி எழுந்து, பட்ட மரத்து மேல ரெண்டு இறக்கையையும் விரிச்சுக் காய வச்சுக்கிட்டு இருந்தது. நாம புடவை காயப்போடுற மாதிரியே! ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் சிரிச்சேன். அப்புறம் வாய்விட்டு அழுதேன்.

அதிலிருந்து தினமும் விடியக்காலம் பால் ஊத்திட்டு அரை மணி நேரம் கரைமேல் நடக்கிறேன். கடன் அப்படியேதான் இருந்தது. ஆனா தூக்கம் வந்துச்சு. அதுக்குப் பிறகுதான், தவணையைக் குறைச்சுக் கட்டுறேன்னு குழுவில் வாயைத் திறந்து கேட்கத் தைரியம் வந்தது.

"காலங்காத்தால பொம்பளைக்கு என்ன ஊர்சுத்தல்"னு கேட்ட எங்க மாமியார், இப்ப முழங்கால் வலின்னு சொல்லிக்கிட்டே கூட நடக்குறாங்க. எங்க குழுவில் 6 பேர் வர்றோம். கரையெல்லாம் சீமைக்கருவேல் முள்ளு மண்டிக் கிடக்கு. அதை வெட்டித் தரச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனு கொடுத்திருக்கோம். கூட்டமைப்பும் சேர்ந்து கேட்டா சீக்கிரம் நடக்கும்.