பழைய போட் மோட்டாரும் காகித கேஸ்கட்டும்
(சென்ற மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"கார் பார்க்கிங்கில் ஆறு மாதமாக என்னதான் சார் செய்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்காதவர்கள் நம் குடியிருப்பில் குறைவு. அதற்குப் பதில் சொல்லச் செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்.

அது என் மாமனார் விட்டுச் சென்ற அவுட்போர்டு மோட்டார். படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டுவது. ஜான்சன் சீ ஹார்ஸ், ஐந்தரை குதிரைத்திறன், 1950களில் அமெரிக்காவில் தயாரானது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக்.

முதல் தடவை இதைப் பிரித்துக் கோத்தபோது ஒரு தப்பு செய்தேன். கிராங்க்கேஸின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் கேஸ்கட் கிடையாது. மெல்லிய சீலன்ட் மட்டும்தான். நான் வீட்டில் இருந்த பாத்ரூம் சிலிக்கானைத் தாராளமாகத் தடவிவிட்டேன். உப்பங்கழியில் இருபது நிமிடம் அழகாக ஓடியது. பிறகு கிறீச்சென்று நின்றது. பிஸ்டன் சிக்கிவிட்டது. பொழுது சாய்கிறது, நீர் முகத்துவாரத்துப் பக்கம் இழுக்கிறது, கூட இருந்தவன் நீச்சல் தெரியாத என் தங்கை மகன். ஒற்றைத் துடுப்பில் கரை சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தங்கை இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

ஏன் சிக்கியது? கேஸ்கட் என்றால் ஆயில் கசியாமல் தடுப்பது என்றே நாம் நினைக்கிறோம். டூ ஸ்ட்ரோக்கில் அது இன்ஜினின் மூச்சு. பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோலும் காற்றும் கிராங்க்கேஸுக்குள் இழுபடும். கீழே வரும்போது அழுந்தி சிலிண்டருக்குப் போகும். இணைப்பில் சிறு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று நுழைந்து பெட்ரோலின் பங்கு குறையும். ஆயிலும் பெட்ரோலில் கலந்துதானே வருகிறது? அதுவும் குறையும். சூடு ஏறும், உராய்வு கூடும். என் சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உப்பிப் பிய்ந்திருந்தது.

இந்த முறை, காற்றுப் படாத இடத்தில் இறுகும் வகை சீலன்ட் வாங்கினேன். சுத்தமாகத் துடைத்த உலோகத்தில் மயிரிழை அளவு போதும். கூடினால் உள்ளே பிதுங்கி ஆயில் துவாரத்தை அடைக்கும்.

சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தால் எந்த கேஸ்கட்டும் நிற்காது. கனமான கண்ணாடிமேல் எமரி பேப்பரை விரித்து, ஹெட்டை எட்டு போடுவதுபோல் தேயுங்கள். முகம் முழுக்க ஒரே மாதிரி மங்கினால் சமம். எங்காவது பளபளப்பு மிஞ்சினால் அங்கே பள்ளம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்க வேண்டும். ஒரு தடவை ஓட்டி, ஆறியபின் மறுபடி டார்க் ரென்ச் வைத்துப் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் கேஸ்கட்டை மட்டும் கேஸ்கட் பேப்பரில் நானே வெட்டினேன். பேப்பரை உலோகத்தின்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தில் மெதுவாகத் தட்டினால் அச்சு விழும். பொறுமை இருந்தால் போதும்.

இன்னொன்று, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். பழைய கேஸ்கட்களில் கல்நார் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பழைய ஸ்கூட்டரைப் பிரிப்பவர்களும் கேளுங்கள்: உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், வயர் பிரஷ் போடாதீர்கள், ஊதாதீர்கள். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரமாகவே பெயர்த்து, பையில் கட்டி மூடுங்கள். பெருக்க வரும் அம்மாவின் துடைப்பத்துக்கு அது போகக் கூடாது. குழந்தைகள் சைக்கிள் விடும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம். நான் மொட்டை மாடிக்கு மாறியது அதனால்தான். படிக்கட்டில் தண்ணீர் சிந்தியதற்கு மன்னியுங்கள்.

கோத்து முடித்தாயிற்று. இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பின்பக்கத் திறந்தவெளியில், தண்ணீர் ட்ரம்மில் இறக்கி ஓட்டப் போகிறேன். தங்கை மகனும் வருகிறான். புகை வரும், அந்தப் பக்கம் துணி காயப்போடுபவர்கள் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.