விண்ணப்பம் எழுதப் போகும் பிள்ளைகளுக்கு

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் பேசப் போவது பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் வயதில் உள்ள, விஞ்ஞானத்தில் ஆசையுள்ள பிள்ளைகளிடம். பெரியவர்களும் கேட்டுக்கொண்டிருங்கள். கடைசியில் உங்களுக்கும் ஒரு சொல் இருக்கிறது.

ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அகப்பட்டால் போதும். "எங்க போடுறாய்? எத்தினை புள்ளி?" என்று நாம் சூழ்ந்துகொள்கிறோம். அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு பழைய காயமும் இருக்கிறது. பிள்ளைகளே, அதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

1971இல் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. அந்த அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழியில் பரீட்சை எழுதியவருக்கு 400க்கு 227 புள்ளிகள் போதும். தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். மருத்துவத்துக்கு அது 229, இது 250. உங்கள் தாத்தா "இன்னும் இரண்டு புள்ளி எடுத்திருக்கலாமே" என்று சொன்னால் கோபிக்காதீர்கள். அவர் அந்த 23 புள்ளிகளை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

நானும் அந்த நாட்களில் பரீட்சை எழுதியவன்தான். எனக்கு இடம் கிடைக்கவில்லை. அது தரப்படுத்தலாலா, என் படிப்பின் குறையாலா என்று இன்று நான் வழக்காட வரவில்லை. கிடைக்காத அந்த இடத்தை என் மகளின் தலையில் ஏற்றினேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மகளுக்குச் சின்ன வயது முதல் தண்ணீரில் ஆசை. ரூஜ் ஆற்றிலிருந்து போத்தல்களில் நீர் எடுத்து வருவாள். நுணுக்குக்காட்டியில் பார்த்து, என்ன நெளிந்தது, எத்தனை கால், எந்த மாதம் என்று ஒரு கொப்பியில் எழுதுவாள். பதினோராம் வகுப்பு தொடங்கியதும் நான், "இந்த விளையாட்டை விடு பிள்ளை, புள்ளியைப் பார்" என்றேன். விட்டுவிட்டாள். புள்ளிகள் வந்தன. ஆனால் அடுத்த ஆண்டு மே மாதம், அவள் மிகவும் எதிர்பார்த்த இடத்திலிருந்து "இல்லை" என்று மின்னஞ்சல் வந்தது. "இவ்வளவு படிச்சதும் வீணாப் போச்சே" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "படிச்சது வீணோ அப்பா?" என்று மட்டும் கேட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

பல வருடம் கழித்து பேஸ்மென்டைத் துப்புரவாக்கும்போது அந்தக் கொப்பி என் கையில் கிடைத்தது. பதினோராம் வகுப்பு ஒக்டோபர் மாதத்தோடு எழுத்து நின்றிருந்தது. மீதிப் பக்கங்கள் எல்லாம் வெறுமை. அந்த வெறுமைக்குக் காரணம் எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல. நான்.

பிள்ளைகளே, இந்த ஊரின் வாசல் நாங்கள் நின்ற வாசல் அல்ல. ஒன்ராறியோவில் ஒரே ஒரு பரீட்சை உங்கள் வாழ்க்கையைத் தீர்ப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் சிறந்த ஆறு பாடங்களைப் பார்க்கிறார்கள். பொறியியலுக்கு நுண்கணிதம், பௌதிகம், இரசாயனம், ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். போட்டி கூடிய இடங்களில் புள்ளி மட்டும் போதாது. வாட்டர்லூவில் நீங்கள் யார், என்ன செய்தீர்கள் என்று சொல்ல ஒரு படிவம் உண்டு. அங்கே கணிதம் படிக்க விரும்பும் பலர் யூக்ளிட் போட்டியும் எழுதுகிறார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகப் பொறியியலில் கமராவுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும். மக்மாஸ்டர் ஹெல்த் சயன்ஸ் மேலதிகக் கேள்விகளைக் கேட்கிறது. விபரங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். மாமா சொன்னார் என்று இருந்துவிடாமல் நீங்களே பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அந்தக் கேள்விகளில் அவர்கள் தேடுவது எதை? நீங்களாக விரும்பிச் செய்தது எது, அதில் என்ன கற்றீர்கள் என்பதை. நான் "விளையாட்டு" என்று நிறுத்திய அந்தக் கொப்பியைத்தான்!

மருத்துவர் ஆக விரும்புகிறவர்களுக்கு இன்னுமொன்று. இங்கே பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் படித்த பின்னரே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். 17 வயதில் வரும் ஒரு "இல்லை" அந்தக் கதவைப் பூட்டிவிடாது.

இந்த நகரத்திலேயே அதற்கு ஒரு சாட்சி உண்டு. அலிஸ்டன் என்ற ஊரின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை பிரடெரிக் பான்டிங். அவர் மெதடிஸ்த போதகர் ஆக வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். 1910இல் ரொறன்ரோவில் விக்டோரியா கல்லூரியில் சேர்ந்தார். முதலாம் ஆண்டில் சித்தியடையவில்லை. 1912இல் மருத்துவத்துக்கு மாறினார். 1920இல் லண்டன், ஒன்ராறியோவில் சிகிச்சை நிலையம் திறந்தார், நோயாளர் அதிகம் வரவில்லை. அந்த ஒக்டோபர் மாதம் ஓர் இரவு நித்திரை வராமல் எழுந்து, நீரிழிவு பற்றி மனதில் தோன்றிய ஒரு யோசனையைக் குறித்து வைத்தார். 1921இல் மக்லவுட் என்ற பேராசிரியர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடம் கொடுக்க, சார்ல்ஸ் பெஸ்ட் என்ற இளைஞரோடு அதைச் சோதித்தார். 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஏற்றினார்கள். முதல் ஊசி சரிவரவில்லை. கொலிப் என்பவர் மருந்தை மேலும் சுத்தமாக்கிக் கொடுத்த பின், சில நாட்கள் கழித்துப் போட்ட ஊசி பலித்தது. அடுத்த ஆண்டே நோபல் பரிசு வந்தது. இன்று காலை இன்சுலின் போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வந்த அம்மம்மாக்கள் நம் நடுவில் எத்தனை பேர்!

ஆகவே பிள்ளைகளே, விரும்பிய இடத்துக்கு விண்ணப்பியுங்கள். பயப்படாமல் பெரிய இடத்துக்கும் போடுங்கள். ஒன்றை மட்டும் நம்பியிராமல் நீங்கள் சந்தோஷமாகப் படிக்கக்கூடிய வேறு இரண்டு இடங்களுக்கும் போடுங்கள். எங்கே போனாலும் உங்கள் கொப்பியைக் கொண்டுபோங்கள்.

பெற்றோரே, உங்களுக்கு ஒரே ஒரு சொல். அடுத்த ஞாயிறு தேநீர் நேரத்தில் "எத்தினை புள்ளி?" என்று கேட்காமல், "இப்ப என்னத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாய் பிள்ளை?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லி முடியும்வரை நின்று கேளுங்கள்.

என் மகள் வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்தாள். இன்று குடிநீரைச் சோதிக்கும் வேலைதான் செய்கிறாள். அந்தப் பழைய கொப்பியைக் கொடுத்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வாங்கிக்கொண்டு, வெறும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "இன்னும் இடம் இருக்கு அப்பா" என்றாள்.

ஆண்டவர் உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.