தண்ணீர் மோட்டாரும் பழைய லெட்ஜரும்

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

நான் காமர்ஸ் படித்தவன். மோட்டார் பற்றி நம் எலக்ட்ரீஷியனுக்குத் தெரிந்ததில் கால்வாசி கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் புது ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் வாங்குமுன் கொஞ்சம் பேச அனுமதியுங்கள்.

போன மே மாதம் சம்ப்பில் ஃப்ளோட் சுவிட்ச் சிக்கிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே மோட்டார் ஓடிக் காயில் கருகியது. இரண்டு நாள் லாரித் தண்ணீர். மூன்றாம் மாடி மாமி குடத்தோடு படியேறியதை நான் மறக்கவில்லை. அந்த சுவிட்சுக்கான பில்லில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். "ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வங்கியில் இப்படிச் செய்திருந்தால் மேனேஜர் விட்டிருக்க மாட்டார். ரங்கராஜன் குழு 1984-இல் அறிக்கை தந்தபின் கிளைகளுக்கு மெஷின்கள் வரத் தொடங்கின. எங்கள் கிளையில் மெஷின் வந்த அன்றே லெட்ஜரை மூடிவிடவில்லை. பல வாரம் கையாலும் எழுதினோம், மெஷினிலும் பதித்தோம். மாலையில் இரண்டும் டாலி ஆக வேண்டும். ஒருநாள் பத்து பைசா உதைத்தது. இரவு ஒன்பது வரை தேடினோம். மெஷின் சரி, தப்பு என் கூட்டலில்!

இப்போது நம் கணக்குக்கு வாருங்கள். 48 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பொது அளவு. ஆக 25,920 லிட்டர். மேல்தொட்டி 20,000. தொட்டி நிறைந்திருக்கும்போது மோட்டார் நின்றால்கூட நமக்குக் கிடைப்பது சுமார் 18 மணி நேரம்தான். அதற்குள் ரிப்பேர் ஆள் வருவாரா? ஞாயிற்றுக்கிழமை என்றால்? அதனால் ஸ்டாண்ட்பை மோட்டார் இல்லாத கொட்டேஷனை நான் பார்க்கவே மாட்டேன்.

இன்னொன்று, சென்சார் வயரை எலி கடித்துவிட்டால் மோட்டார் நிற்க வேண்டும், ஓடக் கூடாது. அதைக் கம்பெனிக்காரர் வாயால் சொன்னால் போதாது. நம் கண்முன் வயரைப் பிடுங்கிக் காட்டட்டும். பழைய கை ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டாம். ஒரு மாதம் வாட்ச்மேன் காலையும் மாலையும் தொட்டி மட்டத்தை நோட்டில் எழுதட்டும். கன்ட்ரோலர் காட்டுவதோடு ஒத்துப்போனால்தான் மீதி இருபது சதவீதப் பணம்.

மூன்று கொட்டேஷன்களும் அசோசியேஷன் அறையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிட்டு, சந்தேகங்களை நோட்டில் எழுதி வையுங்கள்.