குடிநீரும் உடலின் உள்நீரும்



ஊர்ப்பெயரிலேயே குளத்தைத் தாங்கியுள்ள நாம் தண்ணீரைப் பற்றிச் சற்றுப் பேசுவோம். நம் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகள் நோயுற்றனர். அதன் பிறகே, தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதை எண்ணினால் இன்றும் நமக்குச் சோறு இறங்குவதில்லை.

அசுத்த நீர் உடலுக்குள் செய்வது யாது? இரத்தத்திலும், உயிரணுக்களைச் சூழ்ந்த நீரிலும் உப்பு குறித்த அளவில் நிற்கவேண்டும். இந்த 'உட்சூழல்' மாறாதிருப்பதே வாழ்வுக்கு அடிப்படை என்றார் 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் கிளாடு பெர்னார்டு. பேதி கண்டால் நீரோடு சோடியமும் பொட்டாசியமும் வெளியேறிவிடும். கண் குழிவிழும், சிறுநீர் குறையும், குழந்தை துவளும்.

அப்போது வெறும் தண்ணீர் போதாது. மருந்துக்கடை உப்புக்கரைசல் பொட்டலமே மேல். அது கிடைக்காவிடில், கொதித்தாறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். சர்க்கரை ருசிக்காக அன்று. உப்பையும் நீரையும் குடல் ஈர்த்துக்கொள்ள அதுவே துணை.

மார்ச்சு 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபைக்கு நாம் யாவரும் செல்வோம். தொட்டிக்கு மூடி உண்டா, கடைசியாக என்று கழுவினீர்கள், குளோரின் யார் போடுகிறார் எனக் கேட்போம். தாய்மார்கள் முன்வரிசையில் அமருங்கள்.