தோல்வியும் குற்றமும்



போரில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்னும் கேள்வி படைத்தலைவர்களுக்கு மட்டும் உரியதன்று. நடந்ததைக் கேட்டுப் புகழ்வதும் இகழ்வதும் பொதுமக்களே. ஆதலின் அம்மக்களின் மனப்பாங்கைச் சிறிது ஆராய்வோம். சான்று தேடித் தொலைநாடுகளுக்குச் செல்லவேண்டுவதில்லை. நமது காரைக்கால் வழியாக நடந்த ஒரு படையெடுப்பே போதும்.

1758-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரிக்கு வந்தார். கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். அடுத்துச் சென்னையைத் தாக்கக் கருதினார், கருவூலத்திலோ பணமில்லை. தஞ்சை மன்னர் பிரதாபசிங்கர் முன்னர்ச் சந்தா சாகிபுக்கு எழுதிக்கொடுத்த 56 இலட்சம் ரூபாய்ப் பத்திரம் ஒன்று இருந்தது. அத்தொகையைத் தண்டுவதற்காக அவர் காரைக்கால் வழியே தஞ்சைக்குப் புறப்பட்டார். வழியில் நாகூர் கொள்ளையிடப்பட்டது. கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடித் தோண்டினர், புதையல் கிடைக்கவில்லை. அங்கே அந்தணர் அறுவரை ஒற்றர் என்று ஐயுற்றுப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டனர்.

தஞ்சைக் கோட்டை பணியவில்லை. உணவும் வெடிமருந்தும் குறைந்தன. ஆங்கிலக் கப்பற்படையால் காரைக்காலுக்கு ஆபத்து என்ற செய்தியும் எட்டியது. ஆகஸ்டு மாதத்தில் லாலி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். 1761 ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. 1766 மே மாதத்தில் பாரிசு நகரில் லாலியின் தலை வெட்டப்பட்டது. பின்னர் அறிஞர் வால்டேர் அவர் பொருட்டு வாதாடினார். 1778-இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கருதுங்கள். லாலி தலையிழந்தது புதுச்சேரியை இழந்த பழிக்காக. கீழ்வேளூர்க் கொலைக்காக அன்று. வென்றிருந்தால் அவருக்கு மாலை சூட்டியிருப்பார்கள். தோல்வியைக் குற்றமாகவும், குற்றத்தை வெற்றிக்குரிய விலையாகவும் கருதுவது மக்களின் முதற்பிழை.

இரண்டாவது பிழை, ‘செய்தவர் யார்?’ என்று கேட்ட பின்னரே செயலை எடைபோடுவது. கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையில், 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டனர். நம் தமிழகம் பதறியது, பதறியது முறையே. 1985 மே 14-ஆம் நாள் அநுராதபுரத்தில் விடுதலைப் புலிகள் நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்களைச் சுட்டுக் கொன்றனர். அன்று பேருந்து நிலையத்தில் நின்ற தாயும் சேயும் எவருக்கு என்ன தீங்கு செய்தனர்? முன்னதற்கு அழுத கண்கள் எல்லாம் பின்னதற்கும் அழுதனவா? இக்கேள்வியை நம் நெஞ்சிடமே கேட்டல் வேண்டும்.

“நலிந்தவனுக்கு வேறு வழி ஏது?” என்பார் சிலர். நலிந்தோரின் குறை உண்மையாக இருக்கலாம். அவர்கள் போராடுவதற்கு நியாயமும் இருக்கலாம். ஆனால், குறை உண்மையாயிருத்தல் வேறு, கொல்லப்பட்டவன் குற்றமற்றவனாயிருத்தல் வேறு. ஒன்று மற்றொன்றை அழிக்காது. “பயங்கரவாதத்தை ஒழிக்க எதுவும் செய்யலாம்” என்னும் அரசுகளுக்கும் விடை இதுவே.

உலக நாடுகள் 1949-இல் ஜெனீவா உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. போரில் ஈடுபடாதவரையும், படைக்கலம் துறந்தவரையும், காயமுற்றவரையும் கொல்லலாகாது என்பது அவற்றின் சாரம். 1977-இல் இணைக்கப்பட்ட நெறிமுறைகள், பொதுமக்களிடையே அச்சம் பரப்புதலையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்செயலை வெளிப்படையாக விலக்கின. இவ்விதிகள் எத்தரப்பின் நியாயம் பெரிது என்று கேட்பதில்லை. அடிபட்டவன் யார் என்றே கேட்கின்றன.

மாணவர்களே! போர்ச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது, இரு தரப்பின் பெயர்களையும் மனத்தளவில் மாற்றி வைத்து மீண்டும் படியுங்கள். அப்போதும் உங்கள் தீர்ப்பு மாறாதிருந்தால் அதுவே நீதி. மாறினால், அது வெறும் பற்று. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதற்கு உயிர் கொடுப்பது மக்களின் நடுநிலைமையே. அந்த நடுநிலைமையைப் பள்ளிப் பருவத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.